உனக்கு முன்னாடி யாரு?

லைனக்கா செஞ்சியை விட்டு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய் நான்கு வருஷமாகிறது. அங்கேயே காலமாகி ஒன்றரை வருஷம். எங்கள் தெரு ரேஷன் கடையில் இப்போது யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நுழைந்து அரிசி வாங்கிக்கொண்டு போகலாம். பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, இட்லி தின்றுவிட்டு வந்து நிற்கலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை. அப்பாடா என்றுதான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கடை வாசலில் போய் நிற்கும்போதெல்லாம் முதுகில் யாரோ தட்டப்போவதுபோல ஒரு கூச்சம்.

லைனக்கா என்பது தெரு வைத்த பெயர். சொந்தப் பெயர் பள்ளிக்கூடச் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. நான் கணக்கு டீச்சராக இருந்த நடுநிலைப் பள்ளியில் அவர் சத்துணவுச் சமையல்காரர். வீடு எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. ஆக, பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்திலும் மற்ற நேரத்தில் தெருவிலும் அவரிடமிருந்து எனக்குத் தப்ப வழியில்லை.

உயரம் ஐந்தடிக்கும் குறைவு. கனத்த மூக்குக் கண்ணாடி. இடது கக்கத்தில் மடித்த துணிப்பை. வரிசை என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், முதலில் அதன் தலைமாட்டுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு கடைசிக்கு வருவார். வந்து நின்று தன் எண்ணைச் சத்தமாகச் சொல்வார். "நான் இருவத்தி மூணு." அதற்குப் பிறகு தனக்கு முன்னால் ஒரு தலை கூடினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். நேராக அந்த ஆளிடம் போய் முதுகைத் தட்டி ஒரே கேள்வி: "உனக்கு முன்னாடி யாரு?"

இதற்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பிப் போனவர்களில் வட்டிக்கடைக்காரர் உண்டு, கவுன்சிலரின் மாமியார் உண்டு. ரேஷன் கடையில் விடியற்காலையே வந்து கல், உடைந்த செங்கல், ஒற்றைச் செருப்பு எல்லாம் வரிசையாக வைத்து இடம் பிடிப்பது எங்கள் ஊர் வழக்கம். லைனக்கா வந்ததும் அத்தனையையும் காலால் தள்ளி ஓரமாகக் குவித்துவிடுவார்.

"ஏன்க்கா, என் கல்லை எதுக்குத் தள்ளின?"

"கல்லு சோறாக்கித் துன்னுமா? செருப்புக்குக் கார்டு இருக்குதா? ஆளு வந்து நில்லு."

மேல்மலையனூர் அமாவாசைக்குச் சிறப்புப் பேருந்து விடுவார்கள். வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, கைப்பிள்ளை எல்லாவற்றையும் உள்ளே எறிந்து சீட்டுப் பிடிக்கும் கூட்டம். ஒரு முறை அவரோடு போகும் புத்தி எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. வரிசையில் ஏறிய முதல் ஆள் அவர். ஏறியவர் உட்காரவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் கிடந்த துண்டை எடுத்து ஜன்னல் வழியாகவே திருப்பி எறிந்துகொண்டு வந்தார். "துண்டுக்கு டிக்கெட் எடுத்தியா? பொண்டாட்டிய ஏத்து, வந்து குந்தட்டும்." வெளியே கூச்சல். கண்டக்டர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். கடைசியில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் அவரும் மட்டும் மேல்மலையனூர் வரை நின்றுகொண்டே போனோம்.

"நீங்க மொதல்ல ஏறினீங்களேக்கா, உக்காந்திருக்கலாம் இல்ல?"

"அதைப் பாத்தா இதை யாரு பாக்கறது?" என்றார்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஒரு நாள் சத்துணவை ருசி பார்க்க ஒரு அதிகாரி வந்தார். தலைமை ஆசிரியர் நாற்காலி போட்டு, வாழையிலை போட்டு, "அக்கா, சாருக்கு மொதல்ல வைங்க" என்றார். லைனக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "புள்ளைங்க பத்து நிமிஷமா தட்டு ஏந்திக்கினு நிக்குதுங்க. சாரையும் தட்டு எடுத்துக்கினு வரச் சொல்லுங்க." தலைமை ஆசிரியருக்கு வேர்த்துவிட்டது. அதிகாரி நல்ல மனுஷர். சிரித்துக்கொண்டே ஒரு அலுமினியத் தட்டை எடுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றார். அவர் முறை வந்தபோது முட்டை தீர்ந்துவிட்டது. அதையும் அவரிடம் அப்படியே சொன்னார் லைனக்கா.

இதையெல்லாம் இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

என் மகளுக்கு மூன்று வயது. காய்ச்சலில் உடம்பு நெருப்பாகச் சுட்டது. ஊரில் ஒரு டாக்டரின் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டோக்கன் முப்பதைத் தாண்டிவிட்டது. அங்கே உதவிக்கு இருந்தவர் என் வீட்டுக்காரரோடு படித்தவர். பக்கத்துக் கதவைத் திறந்து, "இப்பிடி வாங்க டீச்சர்" என்று கண்ணைக் காட்டினார். நான் எழுந்து இரண்டடி வைத்தேன். பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"டீச்சர், உங்களுக்கு முன்னாடி யாரு?"

முழங்கால் வலிக்கு வந்து உட்கார்ந்திருந்தார் லைனக்கா. மொத்தப் பெஞ்சும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "அக்கா, கொழந்தைக்குத் தூக்கிப்போடுதுக்கா" என்றேன். "எல்லாரும் சீக்குலதான் வந்துருக்காங்க" என்றார். அவமானத்தில் காது அடைத்துப்போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். இடையில் அவருடைய எண் வந்தது. எனக்குக் கொடுப்பார் என்று நினைத்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவர் பாட்டுக்கு உள்ளே போய்விட்டார். அன்று மாலை குழந்தைக்குக் கஞ்சி வைத்து எடுத்து வந்து கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை. மூன்று மாதம் பேசவும் இல்லை.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்ததால்தான் அதற்கு மேலும் திட்ட முடியவில்லை. அது வேறு எரிச்சல்.

நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த வருஷம் அது. அவருடைய தம்பி ராணுவத்தில் இருந்தான். தாய் தகப்பன் இல்லாமல் லைனக்கா வளர்த்த பிள்ளை. வடக்கே பனிமலை எல்லையில் காவலுக்கு இருந்தபோது பனி சரிந்து நான்கு பேர் புதைந்துபோனார்கள், அவர்களில் அவனும் ஒருவன் என்று செய்தி வந்தது. கொடி போர்த்திய பெட்டியும் வந்தது. எல்லாம் முடிந்து ஆறாம் நாள், அவன் முன்னமே எழுதிப் போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. அந்த வாரம் அவனுக்கு லீவு. ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டியவன். கூட இருந்த ஒருவனுக்கு வீட்டில் பிரசவம் என்று தெரிந்து, தன் லீவு முறையை அவனுக்குக் கொடுத்துவிட்டதாகவும், அடுத்த மாதம் வருவதாகவும் எழுதியிருந்தான்.

அந்த லீவில் போனவர் ஆரணிப் பக்கத்துக்காரர். மூன்றாவது மாதம் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து லைனக்கா வீட்டு வாசலில் நின்றார். லைனக்கா கதவைத் திறக்கவே இல்லை. காலையில் வந்த மனுஷர் வெயில் இறங்கும்வரை நின்றார். நான்தான் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். அவர் சொல்லித்தான் மேலே சொன்ன கதை தெருவுக்கே தெரிந்தது. போகும்போது எங்கள் வீட்டுப் போன் நம்பரை எழுதிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் தம்பி இறந்த தேதியில் அவர் போன் செய்வார். நான் அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டுத் தெருவைக் கடந்து போய்க் கூப்பிட வேண்டும். லைனக்கா கையைத் துடைத்துக்கொண்டு வருவார், ரிசீவரைக் காதில் வைப்பார், "உம்" என்பார், வைத்துவிடுவார். அவ்வளவுதான். பிறகு கைப்பேசி வந்தது, எனக்கு நடை மிச்சமாயிற்று. அப்போதும் அதே "உம்" தான் என்று கேள்வி.

ஆறு வருஷத்துக்கு முன்பு, எங்கள் வட்டாரத்து முன்னாள் ராணுவத்தார் சேர்ந்து, உயிரிழந்த வீரர்களின் வீட்டு ஆட்களைத் தில்லிக்கு அழைத்துப் போனார்கள். நாட்டுக்காக இறந்தவர்கள் பெயரையெல்லாம் சுவரில் பொறித்துப் பெரிதாக நினைவிடம் கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதைப் பார்க்க. ஏற்பாடு செய்தவர் அனந்தபுரத்துக்காரர், ஓய்வுபெற்ற சுபேதார். அங்கே தினமும் பொழுது சாய்வதற்கு முன் இறந்த ஒரு வீரரின் குடும்பத்தார் மலர்வளையம் வைப்பது உண்டு. ஆறு மாதம் எழுதிக் கேட்டு, எங்கள் கூட்டத்தில் ஒருவர் வைக்க ஒரு நாள் வாங்கியிருந்தார். யார் வைப்பது என்று பேச்சு வந்தது. இறந்த தேதிப்படி பார்த்தால் லைனக்காவின் தம்பிதான் முதல். மற்ற மூன்று குடும்பங்களும் சரி என்றன. லைனக்காவும் தேதிகளையெல்லாம் தானே ஒரு முறை சரிபார்த்துவிட்டு, "முறைப்படி எனக்குத்தான் வருது" என்று ஒப்புக்கொண்டார்.

எனக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். அதற்காக லைனக்கா என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். அரையாண்டு விடுமுறை, நானும் தில்லி பார்த்ததில்லை, சரி என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "லைனக்கா கூட டில்லியா? நீ திரும்பி வர்றதுக்குள்ள முழுப் பரிட்சை வந்துடும்."

இரண்டு நாள் ரயிலில் கழிப்பறை வாசலில் வரிசையை ஒழுங்கு செய்தார். மொழி தெரியாதது ஒரு தடையாகவே இல்லை. முதுகைத் தட்டி விரலை ஆட்டினால் ஒரிசாக்காரருக்கும் புரிந்தது. தில்லியில் இறங்கியபோது பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூடுபனி. குரங்குத் தொப்பியும் இரவல் ஸ்வெட்டருமாக நாங்கள் பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் நின்றோம். ஆட்டோக்காரர்களிடம்கூட, யார் முதலில் வந்தது, யாருடைய ஆட்டோவில் ஏறுவதுதான் நியாயம் என்று விசாரிக்கச் சொன்னார். நான் விசாரிக்கவில்லை. விசாரித்ததாகச் சொன்னேன்.

நினைவிடத்துக்குப் பிற்பகலில் போனோம். வெளியே சோதனைக்கு நீண்ட வரிசை. வீரர் குடும்பம் என்று தெரிந்ததும் ஒரு இளம் சிப்பாய் வந்து வணக்கம் வைத்து, "நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள், நிற்க வேண்டாம்" என்றார். சுபேதார் கிளம்பினார், மற்றவர்கள் கிளம்பினார்கள், லைனக்கா கிளம்பவில்லை.

"இவங்கள்ளாம் எதுக்கு நிக்கறாங்க? வேடிக்கை பாக்கவா? அவங்களும் மரியாதை பண்ணத்தான் வந்துருக்காங்க. நான் இப்பிடியே வரேன்."

அவரை விட்டுப் போக முடியாமல் அந்தக் குளிரில் நானும் நின்றேன். நாற்பது நிமிடம். பல் கிட்டிப்போயிற்று.

உள்ளே போனோம். நடுவில் ஒரு தூண், அதன் அடியில் அணையாமல் எரியும் தீ, சுற்றிலும் வட்டம் வட்டமாகச் சுவர்கள். சுவர் முழுக்கப் பொன் எழுத்தில் பெயர்கள். அத்தனை பெயர். சுபேதார் ஒரு காகிதத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்து, ஒரு கல்லின் முன்னால் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். லைனக்காவுக்கு அந்த எழுத்துத் தெரியாது. "எது?" என்றார். நான் அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். பெயரைப் படித்தேன். முந்தானையால் அந்தப் பெயரைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு மேலே இருந்த பெயரையும் கீழே இருந்ததையும் துடைத்தார். இரண்டு பக்கத்துப் பெயர்களையும் துடைத்தார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார். "எந்த முறைப்படி எழுதிருக்காங்க? இவனுக்கு முன்னாடி ஏன் இந்தப் பேரு? அந்த சிப்பாய்கிட்ட கேளுங்க டீச்சர்."

"செத்த தேதிப்படிக்கா" என்று நானே சொல்லிவைத்தேன். அழுகை போன இடம் தெரியவில்லை.

நிகழ்ச்சிக்கு நேரமாயிற்று. ஒரு அதிகாரி வந்து எங்களைத் தீயின் அருகே ஒரு பக்கமாக நிறுத்தினார். மலர்வளையம் தயாராக இருந்தது. எங்கே நடக்க வேண்டும், எங்கே நின்று வைக்க வேண்டும் என்று சிப்பாய் காட்டினார். லைனக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சில்லிட்ட கல்லில் வெறுங்காலோடு நின்றார். அப்போதுதான் அந்தக் கிழவர் வந்தார்.

தலைப்பாகை, கம்பளி, கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம். கூட யாருமில்லை. அதிகாரியிடம் கடிதத்தை நீட்டி மெதுவாக ஏதோ சொன்னார். அதிகாரி கடிதத்தைப் படித்தார், வருத்தமாகத் தலையசைத்தார், அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். கிழவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார். போகவும் இல்லை, மறுபடி கேட்கவும் இல்லை.

"இன்னா சொல்றாரு?" என்றார் லைனக்கா.

எனக்கு நேரமாகிறதே என்ற பதற்றம். "இவரோட முறை நேத்தாம். பனியில ரயில் நின்னுபோச்சாம். இன்னிக்கு வந்துருக்காரு. வீட்டுக்காரம்மா படுத்த படுக்கை, இன்னிக்கே ஊருக்குத் திரும்பணுமாம். அதிகாரி, இன்னிக்கு வேற குடும்பம்னு சொல்லிட்டாரு."

"யாரு செத்தது?"

"மகனாம்."

"எவ்ளோ நாளாச்சாம்?"

கேட்டுச் சொன்னேன். "எட்டு மாசம்."

எனக்குக் கொஞ்சமும் கவலை இல்லை. முறை தவறியவன் பின்னால் போய்த்தான் நிற்க வேண்டும் என்பதை லைனக்காவைப்போல எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. நான் அவருடைய முந்தானையைச் சரிசெய்துவிடக் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தள்ளினார்.

"அவரைப் போவச் சொல்லுங்க."

"பாவம், நிக்கட்டும்க்கா. நின்னு பாத்துட்டுப் போகட்டும்."

"ஐய, அவரைப் பூ வெக்கப் போவச் சொல்லுங்கன்றேன். நிக்க வெச்சிக்கினு."

எனக்குப் புரிய இரண்டு நிமிடமாயிற்று. சுபேதாருக்குப் புரிந்தபோது அவர் முகம் செத்துவிட்டது. "அம்மா, ஆறு மாசம் லெட்டர் போட்டு வாங்கினதும்மா. நாளைக்குக் காத்தால நமக்கு ரயில்." லைனக்கா அவரைப் பார்க்கவே இல்லை. கோபமாக இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, கிழவரின் கையைப் பிடித்து இழுத்துத் தான் நின்ற இடத்தில் நிறுத்தினார். அதிகாரி என்னிடம் இரண்டு முறை கேட்டார், சம்மதம்தானா என்று. நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது.

ஊதுகொம்பு ஊதினார்கள். கிழவர் வளையத்தை எடுத்தார். சிப்பாய் கூடவே பிடித்துக்கொண்டார். லைனக்கா கயிற்றுக்கு இந்தப் பக்கம் பொதுமக்களோடு வந்து நின்றார். முன்னால் இரண்டு நெட்டை ஆட்கள். அவருடைய உயரத்துக்கு எதுவும் தெரிந்திருக்காது. முன்னால் விடச் சொல்லிக் கேட்கவும் இல்லை. முதுகுகளைப் பார்த்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

வெளியே வந்ததும் வெடித்தது. எங்களோடு வந்தவர்களில் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் இருந்தாள். அதுவரை அதிர்ந்து பேசாதவள். "குடுக்கறதா இருந்தா எங்கள்ல ஒருத்தருக்குக் குடுத்துருக்கலாம் இல்ல? தேதிப்படி நான்தான் அடுத்தது. ஊரு பேரு தெரியாத ஆளுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்களே" என்று அழுதாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. லைனக்காவும் மறுக்கவில்லை. "ஆமா, நீதான் அடுத்தது. தப்புதான்" என்றார். அதைக் கேட்டதும் அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

நான் மறுநாள் ரயிலில்தான் பேசினேன். காலைக் காப்பி குடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். பதினைந்து வருஷத்து ஆத்திரத்தைக் கொட்டினேன்.

"எம்பொண்ணு ஜொரத்துல தூக்கிப்போடும்போது குடுக்கல. யாரோ ஒரு ஆளுக்குக் குடுக்க மட்டும் மனசு வந்துச்சாக்கா உங்களுக்கு?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அன்னிக்குக் குடுத்துருக்கணும் டீச்சர்" என்றார்.

நான் சண்டைக்குத் தயாராகப் போனவள். காலி டம்ளரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவரே பேசினார்.

"இருவது வருஷமா அவனைத் திட்டிக்கினே இருந்தேன். எப்பிட்றா குடுத்த, அக்கான்னு ஒருத்தி இருக்கறா, ஒருதரம் நெனச்சுப் பாத்தியான்னு. தெனமும் திட்டுவேன். நேத்து அந்த நேரத்துல எனக்கு அவன் நெனப்பே வரல டீச்சர். அவனுக்காகத்தான் அவ்ளோ தூரம் போனேன், அவன் நெனப்பே வரல. அந்த ஆளு மூஞ்சிதான் எதுர இருந்துச்சு. வாயி தானா சொல்லிடுச்சு. அவ்ளோதான் போல. அவனும் ஒண்ணும் பெருசா யோசிச்சிருக்க மாட்டான்."

பிறகு கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். "அந்த ஆரணிக்காரன் நம்பரு இதுலதான் இருக்கும். போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். எடுத்தவருக்குக் கூப்பிட்டது யார் என்று தெரிந்துவிட்டது. லைனக்கா கைப்பேசியை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாக மாற்றினார். எனக்குப் பிடுங்கி நானே பேசிவிடலாமா என்று இருந்தது.

"சாப்டியா?" என்றார் கடைசியில். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. "அழுவாத. அன்னிக்குப் பொறந்துச்சே, அது இன்னா கொழந்த? பொண்ணா? இன்னா படிக்குது?"

பொங்கலுக்கு மறுவாரம் தகப்பனும் மகளும் செஞ்சிக்கு வந்தார்கள். நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிற, ஒடிசலான, பேச்சு நிற்காத பெண். லைனக்கா திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று காலையில்கூட ரேஷன் கடையில் யாரோடோ மல்லுக்கு நின்றுவிட்டுத்தான் வந்திருந்தார். பூண்டு போட்ட கறிக்குழம்பு. என்னையும் கூப்பிட்டிருந்தார். தகப்பன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்தான் சுவரில் மாட்டியிருந்த தம்பி படத்தைப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கேட்டது.

"அத்தை, மாமா எப்பிடி இருப்பாரு? ரொம்ப அமைதியா? நைனா எதுவுமே சொல்லாது, கேட்டா எழுந்து போயிடும்."

தகப்பனின் கை இலையில் நின்றது. நானும் நிமிர்ந்தேன். எதிர்வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும், அவன் எப்படிச் செத்தான் என்பதைத் தவிர அவனைப்பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அமைதியா? அவனா?" லைனக்கா கரண்டியைக் குழம்புக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "சரியான முந்திரிக்கொட்டை. சினிமாக் கொட்டாயில கியூவுல நிப்பான்னு நெனச்சியா? பெரியாளுங்க கால் சந்துல பூந்து போய் மொத டிக்கெட்டு வாங்கிக்கினு வருவான். கோட்டை ஏறுனா எல்லாரையும் இடிச்சுத் தள்ளிட்டு மொதல்ல உச்சிக்குப் போய் நிக்கணும். கல்யாணத்துக்குப் போனா மொதப் பந்தி. பட்டாளத்துல சேர ஆளெடுக்கும்போதே எவன் முதுவு மேலயோ ஏறிக் குதிச்சுத்தான் உள்ள போனான். அவனுக்காக நான் எத்தினி பேருகிட்ட பேச்சு வாங்கியிருக்கறேன் தெரியுமா?"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தது. லைனக்காவும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பொறந்ததுலேந்து அவன் எவனையும் முன்னாடி வுட்டதில்ல. ஒரே ஒருத்தரத்தான் வுட்டான்" என்றார்.

சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் இலையைப் பார்த்து, "இன்னா கோழி மாதிரி கொறிக்கற, நல்லா சாப்புடு" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.